கொடுத்தே இளைத்த கோஷ்டி

உங்கள் வீட்டுப் பையன் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறி, மார்க் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மகிழ்ந்துபோய்ப் பாயசத்துக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டீர்கள். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது:

"தங்கள் குமாரன் முதலாவதாக வந்தது குறித்து எங்களுக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் அவனை மேல் வகுப்புக்கு அனுப்ப எங்கள் விதி இடம் கொடுக்காது. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த பையன்களை அனுப்புகிறோம். தங்கள் குமாரன் அதே வகுப்பில், அதே பெஞ்சியில், இன்னும் ஒரு வருஷம் உட்காரலாம்."

நீங்கள் சும்மா இருப்பீர்களா? அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே தலைமை ஆசிரியரின் அறைக்கே போய் நின்றுவிட மாட்டீர்களா?

போகட்டும். கதை அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. அடுத்த வருஷம் அதே பையன் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டான். இப்போது மறுபடியும் ஒரு கடிதம்: "தங்கள் குமாரனைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிட்டோம்." மேலே போக விதி இல்லை, கீழே இறங்க மட்டும் விதி உண்டு!

இப்படியும் ஒரு பள்ளிக்கூடம் உலகத்தில் இருக்குமா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஜெர்மனி தேசத்துக் கால்பந்து மைதானத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் முதலாவதாக வந்து, 2021ஆம் ஆண்டில் கீழே தள்ளப்பட்ட அந்தப் 'பையன்', பேயர்ன் மியூனிக் என்ற மகா பெரிய கிளப்பின் இரண்டாவது கோஷ்டி. ரிஸர்வ் கோஷ்டி என்று சொல்வார்களே, அதுதான்.

கால்பந்தாட்டம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பந்தைப் பற்றிய கதை மட்டும் அல்ல. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி வெளியே அனுப்புகிறவர்களின் கதையும்தான்.

மாடிப்படி

முதலில் அந்த ஊர் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கால்பந்து கோஷ்டிகளை மாடிப்படி போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். உச்சிப் படிக்குப் 'புண்டஸ்லிகா' என்று பெயர். அதற்குக் கீழே இரண்டாவது படி, மூன்றாவது படி, நான்காவது படி என்று இறங்கிக்கொண்டே போகும். மூன்றாவது படியில் இருபது கோஷ்டிகள். ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 38 ஆட்டங்கள். நன்றாக ஆடியவர்கள் மேல்படிக்கு ஏறுவார்கள். கடைசி நான்கு ஸ்தானங்களில் நிற்பவர்கள் கீழ்ப்படிக்கு இறங்குவார்கள்.

பெரிய கிளப்புகளுக்கு இரண்டாவது கோஷ்டி ஒன்றும் உண்டு. பெரும்பாலும் 23 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள். அனுபவத்துக்காக அதற்கு மேற்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர். இந்தக் கோஷ்டியும் அதே மாடிப்படியில்தான் ஏற வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்றாவது படிதான் அதற்கு எல்லை. அதற்கு மேல் ஏறக் கூடாது. பெரியவர்களின் தேசியக் கோப்பைப் பந்தயத்திலும் கலந்துகொள்ளக் கூடாது.

இந்த விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தால், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று மற்றவர்கள் சந்தேகப்பட மாட்டார்களா? தவிரவும், சின்ன ஊர்க் கோஷ்டிகளுக்கு அந்த ஊர் ஜனங்களே ஆதரவு. பணக்காரக் கிளப்பின் இளையவர்கள் வந்து அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஜெர்மன் ரஸிகர்களில் பலருக்கு இந்த இரண்டாவது கோஷ்டிகள் என்றாலே ஆகாது.

எட்டு வருஷ வனவாசம்

பேயர்னின் இரண்டாவது கோஷ்டி 2011ஆம் ஆண்டில் மூன்றாவது படியிலிருந்து நான்காவது படிக்கு விழுந்தது. திரும்பி ஏற எட்டு வருஷம் பிடித்தது. 2019 மே மாதம், வுல்ப்ஸ்பர்க் கிளப்பின் இரண்டாவது கோஷ்டியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடி ஜெயித்தால்தான் ஏற்றம் என்ற நிலை. வெளியூரில் ஆடிய முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்றார்கள். கதை முடிந்தது என்று எண்ணியிருந்தபோது, சொந்த ஊரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 4-1 என்று அடித்து, மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் மேலே வந்தார்கள். அப்போது பயிற்சியாளராக இருந்தவர் ஹோல்கர் ஸைட்ஸ். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார்: செபாஸ்டியன் ஹோனெஸ். கால்பந்துப் பரம்பரையில் பிறந்தவர். தந்தை டீட்டர் ஹோனெஸ் பேரெடுத்த ஆட்டக்காரர். பெரியப்பா ஊலி ஹோனெஸ், பேயர்ன் கிளப்பையே பல்லாண்டு நிர்வகித்தவர். "பெரியப்பா தயவில் வந்தவர்" என்று சொல்வதற்கு ஊரில் ஆளில்லாமல் இருக்குமா? பருவத்தின் முற்பாதி முடிந்தபோது கோஷ்டி பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தது வேறு.

பிறகு என்ன மாயம் நடந்ததோ! பிற்பாதியில் பையன்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மேலே ஏறினார்கள். நடுவில் கொரோனா நோய் வந்து பந்தயங்கள் நின்றன. 2020 மே மாதக் கடைசியில், ஆளில்லாத மைதானங்களில் மறுபடி தொடங்கின. ஜூலை மாதம் கணக்கு முடிந்தபோது பேயர்ன் இரண்டாவது கோஷ்டிக்கு 65 புள்ளிகள். வூர்ஸ்பர்க், பிரவுன்ஷ்வைக் இரண்டுக்கும் 64. இங்கோல்ஸ்டாட்டுக்கு 63. ஒரே ஒரு புள்ளியில் முதல் ஸ்தானம்! அந்த மூன்றாவது படியில் ஒரு ரிஸர்வ் கோஷ்டி சாம்பியன் ஆனது அதுவே முதல் தடவை. அதிகக் கோல் போட்டவரும் இந்தக் கோஷ்டிக்காரரே: க்வாசி ரீட், 24 கோல்.

சாம்பியன் பட்டம் கிடைத்தது. ஆனால் இரண்டாவது வந்த வூர்ஸ்பர்க்கும் மூன்றாவது வந்த பிரவுன்ஷ்வைக்கும் மேல்படிக்குப் போயின. முதலாவது வந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

காலியான வீடு

இருந்த இடத்திலேயே இருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? கோஷ்டியின் பெயர் இருந்தது. ஆட்டக்காரர்கள் எங்கே இருந்தார்கள்?

நாற்றங்காலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கும். அந்த அழகு பத்து நாளைக்குத்தான். பயிர் நன்றாக வளர்ந்துவிட்டால் என்ன செய்கிறார்கள்? பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி, வேறு வயல்களில் கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள். பயிர் வளராமல் சவலையாக நின்றால்தான் நாற்றங்கால் நிரம்பியிருக்கும்!

அப்படித்தான் நடந்தது. 24 கோல் போட்ட ரீட், ஹாலந்து தேசத்தில் வில்லெம் கிளப்புக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் ஹோனெஸையே ஹோபன்ஹைம் என்ற புண்டஸ்லிகா கிளப் அழைத்துக்கொண்டது. மேலே, பேயர்னின் முதல் கோஷ்டியும் கையை நீட்டியது. சாம்பியன் பருவத்தில் இந்த இளையவர்களோடு சில ஆட்டங்கள் ஆடிய ஜமால் முசியாலா என்ற சிறுவன், 2020 செப்டம்பரில் முதல் கோஷ்டிக்காகக் கோல் போட்டான். அப்போது அவனுக்கு வயது 17. பேயர்னுக்காகப் புண்டஸ்லிகாவில் கோல் போட்டவர்களில் அதுவரை அவனைவிட இளையவர் எவரும் இல்லை. தற்காப்பு வரிசையில் நின்ற அமெரிக்க இளைஞர் கிரிஸ் ரிச்சர்ட்ஸையும் முதல் கோஷ்டி மேலே எடுத்துக்கொண்டது. 2021 தொடக்கத்தில் அவர் ஹோபன்ஹைமுக்கு, தம் பழைய பயிற்சியாளரிடமே, இரவலாகப் போய்ச் சேர்ந்தார்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். சர்ப்ரீத் சிங் என்ற பெயரைக் கேட்டதும் காது நிமிர்கிறதல்லவா? பஞ்சாபி வம்சத்தவர், பிறந்தது நியூஸீலாந்தில், ஆக்லாந்து நகரில். 2019 டிசம்பரில் பேயர்னின் முதல் கோஷ்டியிலேயே மைதானத்தில் இறங்கிவிட்டவர். சாம்பியன் பருவம் முடிந்ததும் அவரும் நூரம்பர்க் கிளப்புக்கு இரவலாகப் போனார்.

இரவல் என்றால் நம் அடுத்த வீட்டுக்காரி வாங்கிப்போகும் சர்க்கரை மாதிரி அல்ல; திரும்பி வருவதும் உண்டு. சிங் 2021 ஜனவரியில் திரும்பி வந்தார். ஆனால் அவர் விட்டுச் சென்ற வீடு அதற்குள் வேறாகிவிட்டது.

அந்தப் பருவம்

2020 ஆகஸ்டில் பேயர்னின் முதல் கோஷ்டி லிஸ்பன் நகரில் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை வென்றது. கிளப்பில் உற்சாகம் கரைபுரண்டது. மூன்று வாரமோ நான்கு வாரமோ கழித்து, அதே சிவப்புச் சட்டையில், இரண்டாவது கோஷ்டி தன் புதிய பருவத்தைத் தொடங்கியது. பயிற்சியாளராக மீண்டும் வந்தவர், நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஹோல்கர் ஸைட்ஸ்.

இந்தத் தடவை அவர் கையில் இருந்தது புதுக் கூட்டம். பள்ளிப் பருவம் தாண்டாத முகங்கள். எதிரே நின்றவர்களோ, இந்த ஆட்டத்தில் வரும் சம்பளத்தால் குடும்பம் நடத்தும் முப்பது வயது மனிதர்கள். பையன்களுக்கு ஒரு தோல்வி என்றால் ஒரு பாடம். எதிரே நிற்பவருக்கு ஒரு தோல்வி என்றால் அடுத்த வருஷத்து ஒப்பந்தம். யார் மூர்க்கமாக ஆடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

கோஷ்டியின் தலைவர் நிக்கோலாஸ் பெல்ட்ஹான். 1986ஆம் ஆண்டில் பிறந்தவர். 2015லிருந்து அங்கே இருந்தவர். பக்கத்தில் நிற்கும் பையன்களில் சிலருக்கு அவர் வயதில் பாதிதான் நடந்துகொண்டிருந்தது. கூட்டுக் குடும்பத்து மூத்த அண்ணனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தம்பிமார் ஒவ்வொருவராகப் படித்துப் பட்டணம் போய்ப் பேரெடுப்பார்கள். அண்ணன் வீட்டோடு இருப்பார். பெல்ட்ஹானின் உத்தியோகம் அப்படிப்பட்டது.

முன்வரிசையில் பியேட்டே ஆர்ப் ஆடினார். இவருடைய கதை கொஞ்சம் மனத்தை வருத்தும். 2017ஆம் ஆண்டில், ஹாம்பர்க் கிளப்புக்காக 17 வயதில் கோல் போட்டவர். 2000ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களில் புண்டஸ்லிகாவில் கோல் போட்ட முதல் ஆள் இவரே. தேசமே "ஆஹா!" என்றது. 2019இல் பேயர்னுக்கு வந்தார். வந்த வருஷமே காயம். மேல் கோஷ்டியில் இடம் இல்லை. 'நாளைய நட்சத்திரம்' என்று கொண்டாடப்பட்டவர், இருபதாவது வயதில், மூன்றாவது படியின் அடிமட்டத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கு நின்றார். ஊரார் திருஷ்டி என்பது வசவில் மட்டுமா இருக்கிறது? அளவுக்கு மீறிய புகழ்ச்சியிலும் இருக்கிறது.

மியூனிக் நகரின் பழைய கிரூன்வால்டர் மைதானம் 1911இல் உண்டானது. சுமார் 15,000 பேர் கொள்ளும். நோய்க் காலமானதால் அந்தப் பருவத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் பார்வையாளர் இல்லாமலே நடந்தன. கோல் போட்டால் கை தட்ட ஆள் இல்லை. கோல் வாங்கினால் திட்டவும் ஆள் இல்லை. இரண்டில் எது கொடுமை என்று சொல்வது கஷ்டம். பயிற்சியாளர் கத்துவது மட்டும் காலி இருக்கைகளில் பட்டு எதிரொலிக்கும்.

2021 ஏப்ரலில் பயிற்சியாளர் பொறுப்பு கை மாறியது. பேயர்னின் பழைய ஆட்டக்காரரான அர்ஜென்டீனாவின் மார்ட்டின் டெமிசெலிஸும் டேனி ஷ்வார்ஸும் வந்தார்கள். அப்போது பருவம் முடியச் சில வாரங்களே பாக்கி. கப்பல் தரைதட்டிய பிறகு மாலுமியை மாற்றினால் என்ன பலன்? மே மாதம் பருவம் முடிந்தபோது, போன வருஷத்துச் சாம்பியன், கீழே இறங்கும் நால்வரில் ஒருவர்.

அதே மே மாதத்தில் மேல் மாடியில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். முதல் கோஷ்டி தொடர்ந்து ஒன்பதாவது தடவையாகப் புண்டஸ்லிகா பட்டத்தை வாங்கியது. ராபர்ட் லெவண்டாவ்ஸ்கி ஒரே பருவத்தில் 41 கோல் போட்டு, 1971-72இல் கெர்ட் முல்லர் வைத்த 40 கோல் சாதனையை முறியடித்தார். ஒரே வீடு. மாடியில் கல்யாணக் கச்சேரி. கீழே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தோல்விதானா?

அப்படியானால் அந்தப் பருவம் வீண்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.

விழுந்த கோஷ்டியில் யோசிப் ஸ்டானிஷிச் என்று ஓர் இளைஞர் இருந்தார். கோஷ்டி தத்தளித்த அந்த ஏப்ரல் மாதத்திலேயே முதல் கோஷ்டியில் முதன்முதலாக இறக்கப்பட்டார். பிறகு லெவர்குசன் கிளப்புக்கு இரவலாகப் போனார். 2023-24 பருவத்தில் லெவர்குசன் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் புண்டஸ்லிகா பட்டத்தை வாங்கியது. அந்தப் பருவத்தில் பேயர்னை 3-0 என்று தோற்கடித்த ஆட்டத்தில் முதல் கோலை யார் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் ஸ்டானிஷிச்தான். வளர்த்த வீட்டுக்கு நல்ல சீர் செய்தார், போங்கள்!

நடுவரிசையில் ஆஞ்சலோ ஸ்டில்லர் இருந்தார். மியூனிக்கிலேயே பிறந்து, சிறு பிராயம் முதல் பேயர்னில் வளர்ந்தவர். சாம்பியன் பருவத்திலும் ஆடினார். விழுந்த பருவத்திலும் ஆடினார். விழுந்த பிறகு, 2021இல் ஹோபன்ஹைமுக்குப் போனார். அங்கே இருந்தவர் யார்? பழைய பயிற்சியாளர் ஹோனெஸ். பின்னர் ஹோனெஸ் ஸ்டுட்கார்ட் கிளப்புக்குப் போனார். 2023இல் ஸ்டில்லரும் அங்கே போய்ச் சேர்ந்தார். 2024இல் ஜெர்மனியின் தேசிய கோஷ்டியில் இடம் கிடைத்தது.

நாற்றங்காலைவிட்டுப் போன இன்னொருவரையும் பார்ப்போம். கிரிஸ் ரிச்சர்ட்ஸ் இங்கிலாந்து போய், கிரிஸ்டல் பாலஸ் கிளப்பில் சேர்ந்தார். 2025 மே மாதம் அந்தக் கிளப் எப்.ஏ. கோப்பையை வென்றது. அதன் சரித்திரத்திலேயே முதல் பெரிய கோப்பை அது. இறுதி ஆட்டத்தில் ரிச்சர்ட்ஸ் தற்காப்பு வரிசையில் நின்றார்.

பியேட்டே ஆர்ப்? அவர் 2021இல் ஹோல்ஸ்டைன் கீல் கிளப்புக்குப் போனார். 2024இல் அந்தக் கிளப் முதன்முதலாகப் புண்டஸ்லிகாவுக்கு ஏறியபோது அவரும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். தேசம் எதிர்பார்த்த உயரத்துக்கு அவர் வரவில்லைதான். ஆனால் பதினேழு வயதில் மற்றவர்கள் எழுதிவைத்த உயரத்தை அவர் எட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கணக்கின் மறுபக்கம்

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, "எல்லாம் நன்மைக்கே" என்று கையைத் தட்டிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. மேலே போனவர்களின் பெயரை நாம் சொல்கிறோம். போகாதவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு முசியாலாவுக்கும் பின்னால், அதே பயிற்சியை அதே விடியற்காலையில் செய்து, 23 வயதில் "இனி உனக்கு இங்கே இடமில்லை" என்ற பதிலோடு பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். 2017இல் மியூனிக்கின் வடக்கே, சுமார் 75 ஏக்கரில் பேயர்ன் ஒரு பயிற்சி வளாகம் கட்டியது. எத்தனை ஏக்கர் கட்டினாலும், முதல் கோஷ்டியில் இருப்பது பதினோரு இடம்தான்.

அந்தப் பையன்களை விட்டுவிட்டு மேலே போனவர்களை மட்டும் எண்ணினால், கிளப்புக்கு அது லாபக் கணக்கு. விழுந்ததன் வேதனையை அனுபவித்தவர்களோ, அந்த மே மாதத்தில் மைதானத்தில் நின்ற பையன்கள். கோஷ்டி நான்காவது படிக்கு இறங்கிய அடுத்த வருஷமே ஏறிவிடப் பார்த்தது. 2022இல் பாய்ரொய்த் முந்திக்கொண்டது.

அதனால்தான் இப்படிப்பட்ட கோஷ்டியைப் பட்டியலில் உள்ள ஸ்தானத்தை வைத்து மட்டும் எடை போடக் கூடாது என்கிறேன். ஸ்தானமே முக்கியமில்லை என்றும் சொல்லக் கூடாது. ஜெயிக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஆடினால்தான் பையன் தேறுவான். தேறிவிட்டால் அவன் போய்விடுவான். போய்விட்டால் கோஷ்டி தோற்கும். மறுபடி புதுப் பையன், மறுபடி அரிச்சுவடி. பிள்ளைகளைப் படிக்க வைத்து, வேலைக்கும் வெளியூருக்கும் அனுப்பிவிட்டு, சாயங்காலத்தில் ஓசையில்லாத கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

பேயர்னின் இரண்டாவது கோஷ்டிக்குத் தேசியக் கோப்பைப் பந்தயத்தில் இடமில்லை என்று முன்பே சொன்னேன். 2025 மே 24ஆம் தேதி, பெர்லின் நகரில் அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஸ்டுட்கார்ட் 4-2 என்று ஜெயித்தது. ஜெயித்த கோஷ்டியின் பயிற்சியாளர் செபாஸ்டியன் ஹோனெஸ். நடுவரிசையில் ஆடியவர் ஆஞ்சலோ ஸ்டில்லர், நான்கு வருஷத்துக்கு முன் அதே மே மாதத்தில் மூன்றாவது படியிலிருந்து விழுந்த அந்தப் பையன்.